தமிழவேள் கோ. சாரங்கபாணி

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பர் நம் முன்னோர். ஆனால், ஊரைக் கூட்டுவதற்கும் ஒருவர் வேண்டுமன்றோ? பதவியையும் ஊதியத்தையும் கருதாமல், வடம் பிடிக்க மக்களை அழைப்பவரே அவர். சிங்கப்பூர், மலாயாத் தமிழர்களிடையே அத்தகையவராக விளங்கியவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

அவர் 1903ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்தார். 1924இல் சிங்கப்பூர் வந்து கணக்கராகப் பணியாற்றினார். அக்காலத்தில் நம் மக்கள் சாதியால் பிரிந்தும், கள்ளுக்கடையில் கூலியை இழந்தும் வாடினர். தம் வேலையுண்டு, வீடுண்டு என்று அவர் இருந்துவிடவில்லை. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். 1935ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தமிழ் முரசு இதழ் பிறந்தது. ஏழைத் தொழிலாளியும் வாங்கிப் படிக்குமாறு அதன் விலை ஒரு காசாக இருந்தது. பின்னர் நாளேடாக வளர்ந்த அவ்விதழ் இன்றும் வெளிவருகின்றது.

பொங்கல் நன்னாளைச் சாதி, சமய வேறுபாடின்றி அனைவரும் கூடும் தமிழர் திருநாளாக 1952 முதல் கொண்டாடச் செய்தார். சிறுவர்களும் எழுதிப் பழகும் பொருட்டு, முரசில் மாணவர் மணிமன்றத்தை அமைத்தார். அதில் எழுதத் தொடங்கியோர் பலர் பிற்காலத்தில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் உயர்ந்தனர்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்குத் தமிழுக்கு முதலிடம் கிடைக்குமா என்ற ஐயம் எழுந்தது. தமிழவேள் எழுதினார், பேசினார், மக்களைத் திரட்டினார். தமிழ் இடம்பெற்றது. அதன் நூலகத்திற்காகத் தமிழ் எங்கள் உயிர் என்னும் நிதியையும் திரட்டினார். செல்வர்களை மட்டும் அவர் நம்பவில்லை. எளியோரும் தம் உழைப்பின் ஒரு பகுதியை ஈந்தனர். கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் அத்துறை தம் சொத்தாயிற்று.

சிங்கப்பூரில் 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஊர் திரும்பும் எண்ணத்தால் தமிழர் பலர் பதிவுசெய்யத் தயங்கினர். தயங்கி நின்றால் வாக்குரிமையும் வாழ்வுரிமையும் கைநழுவும் என்பதை உணர்ந்த தமிழவேள், பதிவுசெய்யுமாறு அவர்களை இடையறாது வற்புறுத்தினார். அன்று பதிந்தவர்களின் பிள்ளைகள் அந்நாட்டின் மக்களாகத் தலைநிமிர்ந்து வளர்ந்தனர்.

தமிழவேள் 1974ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மறைந்தார். அவர் கூட்டிய கூட்டத்தின் பயன் மறையவில்லை.

மாணவச் செல்வங்களே! பள்ளி விழாவிற்கு முன்னிரவில் பந்தலிடுபவரையும், நன்கொடைச் சீட்டுடன் உங்கள் வீட்டு வாயிலில் வந்து நிற்பவரையும் எளியவராக எண்ணாதீர்கள். அவர்களும் தமிழவேள் சென்ற வழியில் நடப்பவர்களே. அவர்கள் அழைக்கும்போது நாமும் ஒரு கை கொடுப்போம், தேர் நகரும்.