ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல

பசறையிலிருந்து லுணுகலை வழியாகப் பிபிலைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தப் பாதை தெரியும். மலை இறங்க இறங்கக் குளிர் விட்டுப்போகும், தேயிலை குறையும், பிறகு வயலும் காடுமாக வெல்லஸ்ஸ தொடங்கிவிடும். இந்தக் கட்டுரையை வாசிக்குமுன் அந்தப் பாதையிலிருந்து தேயிலையை ஒருமுறை மனதால் எடுத்துவிடுங்கள். 1817இல் இங்கே தேயிலைத் தோட்டமும் இல்லை, அதற்கு முந்திய கோப்பித் தோட்டமும் இல்லை, லயங்களும் இல்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதே 1867இல்தான். வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் பயிற்சி இதுதான்: இன்றிருப்பதை அன்றும் இருந்ததாக எண்ணாதீர்கள்.

அந்த ஊவாவுக்குத் திசாவையாக இருந்தவர் மொணரவில கெப்பெட்டிபொல. கண்டி இராச்சியத்தின் உயர்குடிப் பிரபு. அவருடைய சகோதரிதான் எஹெலப்பொல அதிகாரின் மனைவி குமாரிஹாமி. கணவன் மன்னனுக்கு எதிராகத் திரும்பியதற்காக 1814இல் குமாரிஹாமியும் அவருடைய பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். தண்டனை கொடுத்தவன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். அடுத்த ஆண்டு அந்த மன்னன் பிடிபட்டான். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது கெப்பெட்டிபொலவும் அதில் ஒரு தரப்பாக இருந்தார்.

ஆனால் ஒப்பந்தத்தில் கெப்பெட்டிபொல என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. ஊவாத் திசாவை மொணரவில என்றுதான் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று அறியாதவர், அவர் கையொப்பமே இடவில்லை என்று முடிவுகட்டிவிடுவார். ஆவணம் பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாவிட்டால் அது பதில் சொல்லாது, அவ்வளவுதான். அதே பட்டியலில் வெல்லஸ்ஸ, பிந்தென்னைத் திசாவையாக மில்லவ என்பவரின் பெயரும் உண்டு. இந்தப் பெயரையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குள் பிரபுக்களின் மனம் கசந்தது. மன்னன் இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தேசாதிபதி. சாதாரண வெள்ளைச் சிப்பாய்கூடத் திசாவைக்கு மரியாதை காட்டவில்லை. 1817இன் நடுவில், நாயக்க அரச குடும்பத்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு துரைசாமி என்ற பெயரில் ஒருவன் தோன்றினான். உண்மையில் அவன் வில்பாவே என்னும் முன்னாள் பிக்கு. சிங்கள மக்களின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்க ஒரு தமிழ்ப் பெயர் தேவைப்பட்டிருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அன்றைய மனிதர்கள் இன்றைய பெட்டிகளுக்குள் அடங்குவதில்லை.

நம்மவர்கள் இந்தக் கதைக்குள் வருவதும் இங்கேதான். கண்டி இராச்சியத்தில் சோனகர்கள் தவளம் மாடுகளில் உப்பும் பாக்கும் ஏற்றிச் செல்வதில் பேர்பெற்றவர்கள். மன்னர்கள் அவர்களை மடிகே என்ற போக்குவரத்துப் பிரிவில் சேவைக்கு வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் வெல்லஸ்ஸ சோனகர்களைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி என்று அவர்களுடைய நூல்களில் வரும் ஒருவரை முகாந்திரமாக நியமித்தார்கள். அதனால் அதிகாரத்தை இழந்தவர் அந்த மில்லவதான். உரிமை கோரி வந்தவனைப் பிடிக்கச் சென்ற ஹாஜி கிளர்ச்சிக்காரரிடம் அகப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தொடர்ந்து பதுளையிலிருந்து போன ஆங்கில அதிகாரி வில்சனும் 1817 ஒக்டோபரில் அம்புக்கு இரையானார்.

இந்தப் பகுதியைச் சொல்லாமலே தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சமூகமே காட்டிக்கொடுத்தது என்று சொல்வதும் சான்றுக்குப் பொருந்தாது. ஒரு நியமனம் தீப்பொறியாக இருக்கலாம். காய்ந்த விறகை அடுக்கியவர்கள் வேறு. ஹாஜியைப் பற்றி நம் கையில் இருப்பவை ஆங்கிலேயர் எழுதியவை. அந்த மனிதர் ஏன் அந்தப் பதவியை ஏற்றார், வீட்டில் யாரை விட்டுச் சென்றார் என்று அந்த அதிகாரிகள் கேட்கவில்லை.

கிளர்ச்சியை அடக்கும்படி ஆங்கிலேயர் அனுப்பியது கெப்பெட்டிபொலவை. அவரோ நவம்பரில் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். ஆங்கிலேயர் கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டே சேர்ந்தார் என்பது இன்றும் மக்கள் பெருமையோடு சொல்லும் செய்தி. பிறகு ஓராண்டு போர். தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் வீடுகளை எரித்தன, நெல்லை அழித்தன, கால்நடைகளைக் கொன்றன. போருக்குப் பின் ஊவாவில் பயணம் செய்த இராணுவ வைத்தியர் ஜோன் டேவி, 1821இல் வெளியிட்ட நூலில் அந்த அழிவைப் பதிவு செய்திருக்கிறார். வென்ற பக்கத்து மனிதரே தன் பக்கத்துக்கு எதிராகச் சொல்லும் சாட்சிக்கு வரலாற்றில் கனம் அதிகம்.

1818 ஒக்டோபர் இறுதியில் கெப்பெட்டிபொல அனுராதபுரப் பக்கத்தில் பிடிபட்டார். கண்டியில் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. நவம்பர் 26ஆம் திகதி காலை தலதா மாளிகையில் வணங்கி, தன் மேலாடையைக் காணிக்கையாகக் கொடுத்தார். போகம்பறையில், இடுப்பில் வைத்திருந்த சிறிய பண நூலொன்றை எடுத்து, சோயர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியிடம் சேர்க்கச் சொன்னார். பதுளையில் இருவரும் ஒன்றாகப் பணியாற்றிய காலத்து நட்புக்கு அது நன்றி. தன்னைக் கொல்லும் அரசின் அதிகாரிக்கு! இந்த ஒரு செயலை விளங்கிக்கொள்ளாமல் அவரை வெறும் வீரச்சிலையாக்கினால், மனிதரை இழந்துவிடுவோம் என்று நினைக்கிறேன்.

இவையெல்லாம் நமக்குத் தெரிவது ஹென்றி மார்ஷல் என்ற மற்றோர் இராணுவ வைத்தியரால். அவர் அக்காலத்தில் கண்டியில் இருந்தவர். ஆனால் அவருடைய நூல் வெளியானது 1846இல், அதாவது 28 ஆண்டுகள் கழித்து. நேரில் கண்டவர் என்பதால் நம்புகிறோம். நீண்ட காலம் கழிந்தது என்பதால் மற்றச் சான்றுகளோடு ஒப்பிடுகிறோம். இன்னொன்றும் உண்டு. இவ்வளவு மரியாதையோடு எழுதிய அதே மார்ஷல்தான், கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோகக் காரணமானவர். மண்டையின் வடிவத்தைக் கொண்டு குணத்தை அறியலாம் என்று அன்று நம்பிய ஒரு சங்கத்திடம் அது போய்ச் சேர்ந்தது. அந்தச் சாத்திரம் பொய் என்று பின்னர் கைவிடப்பட்டது. மண்டையோடு 1954இல் நாடு திரும்பி, தலதா மாளிகைக்கு முன்னால் நினைவுத்தூணின் அடியில் வைக்கப்பட்டது.

1818இன் வர்த்தமானியில் அவர் துரோகி. 2016இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த அறிவித்தலை இரத்துச் செய்து, அவரையும் உடனிருந்தவர்களையும் தேசிய வீரர்கள் என்று பிரகடனம் செய்தார். இரண்டும் அரசாங்கத்தின் தாள்கள்தாம். தேர்வில் இரண்டாவதை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். முதலாவதை யார், எந்த நெருக்கடியில், யாரைப் பயமுறுத்த எழுதினார் என்பதையும் எழுதுங்கள். புள்ளி அதற்கும் உண்டு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிபிலை, மெதகம, பதுளைப் பக்கங்களில் பழைய குடும்பங்களின் பெட்டிகளில் காணி உறுதிகள், ஓலைகள், பள்ளிவாசல் கணக்குக் கொப்பிகள், அரபுத்தமிழில் எழுதிய தாள்கள் கிடக்கலாம். வீடு வெள்ளையடிக்கும்போது அவற்றைக் குப்பையோடு எரித்துவிடாதீர்கள். பிள்ளையிடம் கொடுத்து, ஒரு படம் எடுத்து வரச் சொல்லுங்கள். வகுப்பில் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.