அம்ரிதா ஷெர்கில்: தூரிகையும் மடலும்

குற்றாலத்துச் சித்திர சபையின் சுவரோவியங்களைக் காணாதார் நம் வட்டாரத்தில் மிகச் சிலரே. அவற்றைத் தீட்டிய கைகளின் திறனை அறிகின்றோம். அக்கைகளுக்குரியோரின் உள்ளத்தை அறியும் வாயில் நமக்கு இல்லை. இத்தகைய சுவரோவியங்களை நாடித் தென்னகம் வந்த ஓவியர் ஒருவரோ, தம் உள்ளத்தை மடல்களிலும் வைத்துச் சென்றார். அவரே அம்ரிதா ஷெர்கில்.

அம்ரிதா 1913 ஜனவரி 30ஆம் நாள் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங், வடமொழியும் பாரசீகமும் கற்ற சீக்கியப் பெருமகனார். தாயார் மேரி ஆன்டனெட், ஹங்கேரியப் பாடகியார். 1921இல் அக்குடும்பம் சிம்லாவில் குடியேறியது. சிறுமியாய் இருந்தபோதே அம்ரிதா நாட்குறிப்பு எழுதினார். முதியவர் ஒருவருக்கு மணமுடிக்கப்பெற்ற சிறு பெண்ணொருத்தியின் துயரத்தை அதில் பதிந்து வைத்தார். பின்னாளில் அவர் தீட்டிய 'குழந்தை மணமகள்' ஓவியத்தின் வித்து அந்த நாட்குறிப்பிலேயே கிடந்தது எனலாம்.

1929இல் பாரிசு சென்று ஓவியம் பயின்றார். 1932இல் வரைந்த 'இளம்பெண்கள்' ஓவியம் மறு ஆண்டு அந்நகரில் பொற்பதக்கம் பெற்றது. புகழ் கைகூடிய அவ்வேளையிலே அவர் தாயகம் திரும்ப விழைந்தார். தந்தையார் அதனை விரும்பவில்லை. 1934இல் பெற்றோர்க்கு விடுத்த மடலில், ஐரோப்பியப் பெருங்கலையினும் அஜந்தாவின் ஓரோவியமே தமக்கு மேலானது என வாதிட்டார். அவ்வாண்டின் இறுதியில் திரும்பியும் வந்தார்.

செல்வக் குடியில் பிறந்து, மேனாட்டில் வளர்ந்த நங்கை, ஏழையர் துயரை அழகுக்காகத் தீட்டினார் என்பாரும் உளர். அவர்தம் மடல்களைக் கற்போர் அவ்வாறு எளிதிற் கூறார். அவர் அஜந்தா, எல்லோரா கண்டபின், 1937இல் தென்னாட்டில் கன்னியாகுமரி வரை பயணம் செய்தார். கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைக் கண்டு வியந்து, அவற்றைப் படியெடுத்தார். அவ்வியப்பை மடல்களில் எழுதினார். பொற்பதக்கம் பெற்றவர், பழைய சுவரின்முன் மாணவியாய் அமர்ந்த காட்சி அங்கே விரிகின்றது. சிம்லா மீண்டபின் அவ்வாண்டிலேயே 'மணமகளின் ஒப்பனை', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' ஆகிய மூன்றும் உருவாயின. அவ்வோவிய மாந்தரின் அமைதி, இரக்கத்தினால் மட்டும் வந்ததன்று. நெடிய பயிற்சியால் வந்தது.

1938இல் அம்ரிதா ஹங்கேரி சென்று, மருத்துவர் விக்டர் ஈகனை மணந்தார். அப்போது அவர் வீட்டில் விட்டுச்சென்ற கடிதங்களுட் பலவற்றைப் பெற்றோர் எரித்துவிட்டனர். நேரு பெருமகனார் எழுதியனவும் அவற்றுள் அடங்கும். மகளின் நற்பெயரைக் காப்பதாகப் பெற்றோர் எண்ணினர் போலும். மகளோ, பயணச் சுமை மிகாதிருக்கவே அவற்றை விட்டுச் சென்றதாகவும், முதுமையில் படித்து மகிழும் வாய்ப்பை இழந்ததாகவும் வருந்தி எழுதினார். அம்முதுமை அவருக்கு வாய்க்கவேயில்லை. 1941 டிசம்பர் 5ஆம் நாள், இலாகூரில், தம் ஓவியக் கண்காட்சிக்குச் சில நாட்களே எஞ்சியிருந்த நிலையில், இருபத்தெட்டாம் அகவையில் மறைந்தார்.

தீக்கு எஞ்சிய மடல்களையும் குறிப்புகளையும் அவர்தம் தங்கையின் மைந்தரும் ஓவியருமான விவான் சுந்தரம் தொகுத்து, 2010இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு தலைமுறை எரித்தது போக எஞ்சியதை மற்றொரு தலைமுறை பேணித் தந்தது.

பிறர் மடலைப் படிப்பது முறையோ என ஐயுறுதல் இயல்பே. பழி தேடிப் படிப்பது முறையன்று. பழி நீங்கப் படிப்பது கடனாகும். நம் இல்லங்களின் பழம்பெட்டிகளிலும் பாட்டனார் எழுதிய மடல்கள் உறங்குகின்றன. மாணவச் செல்வங்களே, அவற்றை அடுப்பிலிடுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரியோர்களே, அவற்றைப் பேரப்பிள்ளைகள் கையில் ஒப்படைத்துச் செல்லுங்கள்.