உறைபனியை ஊர்தியாக்கியவர்

துருவக் கடலுக்குக் கலம் செலுத்தியோர் பலர். நலமுடன் மீண்டோர் சிலரே. 1845ஆம் ஆண்டு சர் ஜான் பிராங்ளின் தலைமையில் ஆர்க்டிக் கடலுக்குள் நுழைந்த இரு கப்பல்களும் 129 மனிதர்களும் திரும்பவே இல்லை. அத்தகைய கடலுக்குப் பன்னிரு தோழர்களுடன் சென்று, அத்தனை பேரும் உயிருடன் இல்லம் திரும்பக் காரணமாயிருந்தவர் நார்வே நாட்டு அறிஞர் ஃபிரித்யோஃப் நான்சென்.

1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், இன்று ஓஸ்லோ என வழங்கும் கிறிஸ்டியானியா நகரின் அருகே பிறந்தார். விலங்கியல் கற்று முனைவர் பட்டம் பெற்றார். 1888இல் ஐவருடன் கிரீன்லாந்தின் பனிப்பீடத்தைக் குறுக்கே கடந்தார். குடியிருப்புகள் உள்ள மேற்குக் கரையிலிருந்து அவர் புறப்படவில்லை; மனித வாடை அரிதான கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டார். பின்வாங்க இடமில்லை, முன்னே சென்றால்தான் வாழ்வு. அவர்தம் திட்டமிடலின் போக்கை இதிலேயே உணரலாம்.

சைபீரியாவுக்கு வடக்கே 1881இல் பனிக்கட்டிகளால் நொறுங்கிய ஜீனெட் என்னும் அமெரிக்கக் கப்பலின் சிதைவுகள், 1884இல் கிரீன்லாந்துக் கரையில் கண்டெடுக்கப்பட்டன. துருவக் கடலின் ஊடே அவை மிதந்து வந்திருக்க வேண்டுமென ஹென்ரிக் மோன் என்னும் வானிலை அறிஞர் கருதினார். பனியே அவ்வாறு நகருமாயின், அதனை எதிர்த்துப் போரிடுவானேன்? கப்பலைப் பனியில் உறையவிட்டு அதனோடு செல்லலாமே என்று நான்சென் எண்ணினார். துருவப் பயணத்தில் பழுத்த அனுபவம் உடையோர் பலர் இது பேதைமை என்றனர். அவர் மனம் தளரவில்லை.

காலின் ஆர்ச்சர் என்னும் கைதேர்ந்த கப்பற்கலைஞர் 'ஃபிராம்' என்னும் கலத்தைக் கட்டினார். 'முன்னே' என்பது அப்பெயரின் பொருள். அடிப்பகுதி உருண்டிருந்தமையால், பனி நெருக்குங்கால் கலம் நொறுங்காது, வழுக்கி மேலெழும். சுக்கானையும் உந்துசக்கரத்தையும் உள்ளே தூக்கிக்கொள்ள வசதி இருந்தது. குளிரைத் தடுக்கக் கம்பளமும் தக்கையும் சுவர்களில் திணிக்கப்பட்டன. ஐந்தாண்டுகளுக்குரிய உணவு, நூலகம், மின்விளக்கெரியக் காற்றாலை என ஒவ்வொன்றும் முன்கூட்டியே எண்ணிச் சேர்க்கப்பட்டன.

1893 ஜூன் 24இல் புறப்பட்ட கலம், செப்டம்பரில் பனியில் உறைந்தது. கணக்கில் தவறுகளும் இருந்தன. ஆழமற்றதென எண்ணிய கடல் 3000 மீட்டருக்கும் மேல் ஆழ்ந்திருந்தது. கொண்டுசென்ற அளவுக்கயிறு எட்டவில்லை. எஃகு வடத்தைப் பிரித்துப் புதுக்கயிறு திரித்தனர். கலமும் துருவத்தைத் தொடாது விலகியே மிதந்தது. எனவே 1895 மார்ச்சில், கலத்தை ஆட்டோ ஸ்வெர்டிரப்பிடம் ஒப்படைத்துவிட்டு, யால்மார் யோஹான்சென் என்பவருடன் நாய்வண்டிகளில் வடக்கே சென்றார் நான்சென். அவ்விருவரும் ஏப்ரல் 8இல் 86 பாகை 14 கலை வரை எட்டினர். அதுவரை எவரும் அத்துணை வடக்கே சென்றதில்லை. துருவத்திற்கு ஏறத்தாழ 420 கிலோமீட்டரே இருந்தது. எனினும் அவர் திரும்பினார். பனிமேடுகளையும் கையிலிருந்த உணவையும் எண்ணிப் பார்த்து, புகழினும் உயிரே பெரிதென முடிவு செய்த கணம் அது.

திரும்பும் வழியில் இருவரும் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க மறந்தனர். அவை நின்றன, தாம் நிற்குமிடத்தைத் திட்டமாகக் கணிக்க இயலாமற் போயிற்று. எத்துணைத் திட்டமிடினும் மனிதன் மறதிக்கு ஆட்பட்டவனே அன்றோ! பிரான்ஸ் ஜோசப் நிலத்தில் கற்குடிலொன்றில், கரடி இறைச்சி உண்டு அந்நீண்ட குளிர்காலத்தைக் கழித்தனர். 1896 ஜூன் 17இல் பிரெடெரிக் ஜாக்சன் என்னும் ஆங்கிலேயரை எதிர்பாராமற் சந்தித்தனர். ஆகஸ்ட் 13இல் அவர்கள் நார்வேயின் வார்டோ துறைமுகம் அடைந்தனர். அதே நாளில்தான் ஃபிராமும் பனியின் பிடியிலிருந்து விடுபட்டது. பதின்மூவரும் நலமுடன் மீண்டனர்.

மனிதரை வீடு சேர்க்கும் அக்கவலை அவரைப் பிற்காலத்திலும் விடவில்லை. முதல் உலகப் போருக்குப்பின் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் தாயகம் திரும்ப வழிவகுத்தார். 1921இல் நாடுகளின் சங்கம் அவரை அகதிகளுக்கான உயர் ஆணையராக்கியது. நாடிழந்தோர்க்கு அவர் பெயரால் கடவுச்சீட்டு வழங்கப்பெற்றது. 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது. பரிசுத் தொகையையும் துயர் துடைப்புப் பணிக்கே ஈந்தார். 1930 மே 13இல் மறைந்தார்.

ஃபிராம் இன்றும் ஓஸ்லோ அருங்காட்சியகத்தில் நிற்கின்றது. துருவத்தைத் தொடாத கலந்தான் அது அன்று. ஆயினும் தன்னை நம்பி ஏறியோரைக் கைவிடாத கலம். ஒரு பயணத்தின் பெருமையைச் சென்ற தொலைவால் மட்டுமன்றி, மீண்டவர் தொகையாலும் அளக்க வேண்டும் என்பதே நான்சென் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.