கடனுக்கு விதி எழுதிய பிரம்மகுப்தர்

ஃபோர்ட்ரான்ல ஏபிஎஸ், சைன்னு ரெண்டு ஃபங்ஷன் ரெடியா இருக்கும். ஏபிஎஸ் எண்ணின் குறியைக் கழற்றிவிடும். சைன், ஒரு எண்ணின் குறியை எடுத்து இன்னொன்றுக்கு மாட்டிவிடும். (முக்கோணவியல் சைன் வேற, ஸ்பெல்லிங்கே வேற.) இந்தக் குறிகளுக்கு முறையா விதி எழுதியவர் பிரம்மகுப்தர்.

பிறந்தது கி.பி. 598. அப்பா ஜிஷ்ணு. ஊர் பில்லமாலா, இன்றைய ராஜஸ்தானின் பின்மால். 628-ல், முப்பதே வயதில், பிராம்மஸ்புடசித்தாந்தம் எழுதினார். செய்யுளில் எழுதிய வானியல் நூல். நடுவில் கணிதமும் உண்டு. அதில் எண்களைத் தனம், ருணம், சூன்யம் என்று மூன்றாகப் பிரித்தார். தனம் கையிருப்பு, ருணம் கடன்.

நம்ம வடலூர் தைப்பூசத்துக்குக் கடை போடுறவரை நினைச்சுக்கோங்க. கையில் 2000, கடன் 5000 என்றால் அவர் நிலவரம் மைனஸ் 3000. தவணைக்கு 500 வீதம் கட்ட வேண்டியதில் மூணு தவணை வேண்டாம்னு கடன்காரர் சொல்லிட்டா, இவருக்கு 1500 லாபம். மைனஸை மைனஸால் பெருக்கினா ப்ளஸ் வருவது இப்படித்தான். ஸ்கூல்ல இதை வெறும் மனப்பாடமாத்தான் படிச்சோம்.

சீனர்கள் அவருக்கு முன்பே சிவப்பு, கறுப்புக் குச்சிகளால் மிகை எண், குறை எண் கணக்குப் போட்டார்கள். ஆனால் சூன்யத்தையும் ஓர் எண்ணாகச் சேர்த்து விதி சொன்னது இவர். சூன்யத்திலிருந்து கடனைக் கழித்தால் தனம் என்றார், சரி. சூன்யத்தைச் சூன்யத்தால் வகுத்தால் சூன்யம் என்றார், அங்கேதான் சறுக்கல். இன்றைய கம்ப்யூட்டர் அதற்கு 'நேன்' என்று கைவிரித்துவிடும்.

ஆள் கொஞ்சம் சண்டைக்காரர். ஆரியபட்டரைக் கடுமையாக விமர்சித்தார். பூமி சுழல்கிறது என்பதையும் ஏற்கவில்லை. ஆனால் 665-ல், 67 வயதில், கண்டகாத்யகம் எழுதியபோது அதே ஆரியபட்டரின் ஒரு கணிப்பு முறையைத்தான் எடுத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்ததே இதனால்தான். அடுத்த நூற்றாண்டில் அவருடைய கணக்கு பாக்தாத் போய் அரபியில் சிந்துஹிந்த் ஆனது.

வர்க்கச் சமன்பாட்டுக்கும் வழி சொன்னவர் அவர். அதை இன்று கோடாக எழுதும்போது, ரவுண்டிங் பிழையைத் தவிர்க்க, பி-யின் குறியையே வர்க்கமூலத்துக்கும் மாட்டிக் கூட்டுவோம். கிட்டத்தட்ட சமமான ரெண்டு எண்களைக் கழித்து இலக்கங்களை இழக்க வேண்டாமே. மேட்லாபின் சைன் பிரம்மகுப்தர் கட்சி: 1, மைனஸ் 1, பூஜ்யத்துக்குப் பூஜ்யம். பி பூஜ்யமானால் வர்க்கமூலம் பூஜ்யத்தால் பெருக்கப்பட்டுக் காணாமல் போகும். அடுத்த வரியில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். ஃபோர்ட்ரானின் சைன் சாதாரண பூஜ்யத்தை ப்ளஸ் கணக்கில் எடுப்பதால் தப்பித்துவிடும். மேட்லாபில் எழுதுறவங்க, பி பூஜ்யமான்னு தனியா ஒரு இஃப் போட்டுடுங்க.