கணக்கேட்டில் அடங்காத சொத்து

பேசும்படம் வந்ததும் மௌனப் படச்சுருள்கள் பல அழிக்கப்பட்டன. அவற்றைத் தேடிச் சேகரித்தவர் ஆன்றி லாங்லுவா (1914–1977). 1936இல் நண்பர்களுடன் பாரிஸில் 'சினிமாத்தேக்' என்னும் திரைப்படக் காப்பகத்தை நிறுவினார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது படங்களை மறைத்துவைத்துக் காத்தார். போருக்குப் பின் அவர் நடத்திய சிறப்புத் திரையிடல்களே த்ரூஃபோ, கொதார் போன்றோருக்குக் கல்லூரியாயின.

நிர்வாகம் சீராக இல்லை என்று 1968 பிப்ரவரியில் அரசு அவரைப் பதவியிலிருந்து அகற்றியது. திரைக்கலைஞர்களும் மாணவர்களும் வீதியில் இறங்கிப் போராடினர். ஏப்ரலில் அவர் மீண்டும் பொறுப்பேற்றார். 1974இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் விருது அளிக்கப்பட்டது.

பொருளாதாரம் கற்பித்த நான் கணக்கேட்டின் அருமையை மறுக்கவில்லை. ஆயினும், ஒரு நகரம் திரையரங்கில் கூடியிருந்து வளர்த்துக்கொள்ளும் ரசனை எந்த ஏட்டிலும் சொத்தாகப் பதிவாவதில்லை. திரைப்பட விழாக்களுக்கான நிதியைக் குறைக்க முனைவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.