ரயிலை எதிர்த்த இஞ்சினீயர்

2015 புஷ்கரத்துக்கு ராஜமுந்திரி சென்றிருந்தேன். கோதாவரிக் கரை வைதீகர்கள் சிலர் ஸ்நான சங்கல்பத்தில் ஒரு வெள்ளைக்காரரையும் ஸ்மரிப்பதுண்டு என்று அங்கே சொன்னார்கள். சர் ஆர்தர் காட்டன்தான் அவர்.

1803-இல் இங்கிலாந்தில் பிறந்து, மதராஸ் இஞ்சினீயர் படை அதிகாரியாக 1821-இல் இந்தியா வந்தார். பாறை அஸ்திவாரம் இல்லாமல் மணலிலேயே அணை நிற்கும் என்பதை அவருக்குக் கற்பித்தது நம் கல்லணை. அந்தப் பாடத்தை வைத்து 1836-இல் கொள்ளிடத்தில் இரண்டு அணைகள் கட்டினார்.

கோதாவரி டெல்டாவிலோ, அருகில் நதி ஓடியும் பஞ்சம். ராஜமுந்திரி ஜில்லாவில் 1821-இல் 7 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை 1841-இல் சுமார் 5.6 லட்சமாகிவிட்டது. 1847-இல் தவளேஸ்வரத்தில் வேலை ஆரம்பமாகி, நடுவிலுள்ள தீவுகளை இணைத்து நான்கு துண்டுகளாக 1852-இல் அணை முடிந்தது. கால்வாய்களைப் பாசனத்துக்கு மட்டுமின்றிப் படகு செல்வதற்கும் ஏற்றபடி, மட்டம் மாறுமிடங்களில் லாக் கதவுகளுடன் அமைத்தார். நெல் விளைந்தது, அதே நீரில் படகேறிக் காக்கிநாடா துறைமுகத்துக்கும் போயிற்று. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணம் தவித்தபோது இந்த டெல்டாவில் அரிசி மிஞ்சியது.

ரயில் கம்பெனிகளுக்கு அரசு 5 சதவீத வட்டி உத்தரவாதம் தந்ததை அவர் கடுமையாக எதிர்த்தார். தண்ணீரில் சரக்கு அனுப்பினால் செலவு மிகக் குறைவு. ரயில் தானியத்தைச் சுமக்கும், விளைவிக்காது என்பது அவர் வாதம். வேடிக்கை என்னவென்றால், 1837-இல் செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவர நாட்டின் முதல் ரயில் பாதையைப் போட்டவரே அவர்தான்!

1878-இல் பார்லிமெண்ட் கமிட்டி முன் 75 வயதில் வாதாடினார், எடுபடவில்லை. கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கமிட்டியை மட்டும் குறை கூற முடியாது. அவர் ஆதரித்த கர்னூல்–கடப்பா கால்வாய் நஷ்டப்பட்டு, 1882-இல் அரசே அதை வாங்க நேர்ந்தது. டெல்டாவுக்குப் பொருந்திய கணக்கு கரிசல் மேட்டுக்குப் பொருந்தவில்லை. வேகத்துக்கு வியாபாரிகள் கொடுக்கும் மதிப்பையும் அவர் குறைத்தே எடைபோட்டார் என்பது என் அபிப்பிராயம்.

1899-இல் 96 வயதில் காலமானார். மறு வருஷமே ராஜமுந்திரியில் கோதாவரி ரயில் பாலம் திறந்தது; போகப் போகப் படகுகள் குறைந்தன. பாசனம் நிலைத்தது. பழைய அணைக்குப் பதிலாக எழுந்த பாரேஜுக்கும் அவர் பெயர்தான். புஷ்கரத்தில் நாங்கள் முழுக்குப் போட்டது அது தேக்கிய ஜலத்தில். ஊர் திரும்பியது ரயிலில்.