விருந்து மேசையும் தத்துவ போதகரும்



கிறிஸ்துமஸ் காலத்திலும் திருமண வீடுகளிலும் ஒரு புதிய பழக்கத்தை நாம் இப்போது காண்கிறோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, நுரை பொங்கும் திராட்சை இரசப் புட்டி ஒன்றும் உடன் வருகிறது. எந்த உணவோடு இது பொருந்தும் என்ற பேச்சும் எழுகிறது. அதன் புளிப்பும் நுரையும் நாவில் படிந்த எண்ணெயைக் கழுவிவிடுவதால், உப்பிட்டுப் பொரித்த பண்டங்களுக்கு ஏற்றது என்கிறார்கள். கானாவூர்த் திருமணத்தில் தண்ணீரை இரசமாக்கிய ஆண்டவரைப் பின்பற்றும் நாம், அளவோடு மகிழ்வதைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பானத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர், பிரான்ஸ் நாட்டு பெனடிக்ட் சபைத் துறவி தோம் பெரிஞ்ஞோன் (1638-1715). நுரைக்கும் இரசத்தைக் கண்டுபிடித்தவர் அவரே என்பது கதைதான். உண்மையில், இரசம் நுரைக்காமல் காப்பதற்கே அவர் பாடுபட்டார். ஆனால் நாம் இன்று நினைக்கப்போவது, அவருக்குச் சுமார் அறுபது ஆண்டுகள் முன்பு பிறந்த மற்றொரு துறவியை. எந்த உணவோடு எந்தப் பானம் என்று கேட்கும் வீட்டில் பிறந்து, யாரோடு உண்பது என்ற கேள்வியில் வாழ்நாள் முழுவதும் சிக்கிக்கொண்டவர் அவர். நம் மதுரை மண்ணின் தத்துவ போதகர், இராபர்ட் தெ நோபிலி.

செல்வ வீட்டுப் பிள்ளை

1577-ஆம் ஆண்டு உரோமையில் பிறந்தார் நோபிலி. அவரது குடும்பத்தின் பூர்வீகம் தஸ்கனிப் பகுதியின் மோந்தேபுல்சியானோ. திருத்தந்தை மூன்றாம் பவுலின் திராட்சை இரசப் பொறுப்பாளரே புகழ்ந்து எழுதும் அளவுக்கு இரசத்திற்குப் பெயர் பெற்ற ஊர் அது. திருத்தந்தை மூன்றாம் ஜூலியசும், கர்தினால் பெல்லார்மினும் உறவுமுறை. அத்தகைய வீட்டில் இறைச்சியும் இரசமும் இல்லாத விருந்து ஏது? குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி இளம் வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். 1605-இல் கோவா வந்து இறங்கினார். முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று, 1606 நவம்பரில் மதுரையை அடைந்தார்.

அங்கே அருட்தந்தை கொன்சாலோ பெர்னாண்டஸ் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வந்தார். ஆலயம் இருந்தது, மருந்தகம் இருந்தது. நகர மக்களோ மனம் மாறவில்லை. காரணத்தை நோபிலி விரைவிலேயே கண்டுகொண்டார். மக்கள் வெறுத்தது நற்செய்தியை அல்ல. மாட்டிறைச்சி தின்று மது அருந்தும் பரங்கியரின் மதம் என்றே அவர்கள் அதைக் கருதினார்கள். கதவை அடைத்தது சாப்பாட்டு மேசை!

ஒருவேளை உணவு

நோபிலி அந்த மேசையை விட்டு எழுந்தார். காவி உடுத்தி, மரப்பாதுகை அணிந்தார். இறைச்சி, மீன், முட்டை, மது அனைத்தையும் விட்டார். சோறு, பால், காய்கறி என்று நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டார். பூர்வீக ஊரின் பெருமையான இரசம் அவர் உணவிலிருந்து மறைந்தது. ஆனால் பலிபீடத்தில் அதை விட முடியாது. திராட்சை இரசம் இன்றித் திருப்பலி இல்லை. விருந்துப் பொருளாக இருந்தது அவருக்குப் பலிப்பொருளாக மட்டுமே நின்றது.

உடன்பிறந்தவருக்கு இடறலாகும் என்றால் இறைச்சியே உண்ணமாட்டேன் என்ற தூய பவுலின் மனம் இதுவே அல்லவா? பலன் கிடைத்தது. அவருக்குச் சமஸ்கிருதம் கற்பித்த சிவதர்மர் 1609-இல் திருமுழுக்குப் பெற்றார்.

உடைந்த பந்தி

இனி வருவதுதான் நம்மை உறுத்த வேண்டிய பகுதி. உயர்குலத்தார் தம்மை ஏற்க வேண்டும் என்பதற்காக நோபிலி தனி வீட்டில் குடியேறினார். பிராமணர் ஒருவரைச் சமைக்க வைத்துத் தனியே உண்டார். ஒரே சபையின் மூத்த குருவான பெர்னாண்டசோடு ஒன்றாக அமர்ந்து உண்பதும் நின்றது. பெர்னாண்டஸ் 1610-இல் மேலிடத்திற்கு முறையிட்டார். அவரது மனவேதனையை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உறவினரான பெல்லார்மினே முதலில் கடிந்து எழுதினார். விளக்கம் கிடைத்த பின்னரே அமைதியானார். நெடிய விசாரணைக்குப் பின், 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நோபிலியின் முறைகளுக்கு நிபந்தனைகளுடன் அனுமதி அளித்தார்.

ஆயினும் ஒரு கேள்வி நின்றது. பிறரை வெல்வதற்காக மேசையை விட்டெழுந்தவர், சாதியின் பந்தியில் அமர்ந்துவிட்டாரோ? அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு உண்பதை விட்டு விலகிய பேதுருவைப் பவுல் எதிர்த்ததும் இதற்காகத்தானே. நோபிலியும் இக்குறையை உணராமல் இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களிடமும் தடையின்றிச் செல்லக்கூடிய பண்டாரசாமிகள் என்ற குருக்களின் பணி 1640-இல் பல்தசார் தா கோஸ்தாவோடு தொடங்கியது. அதே ஆண்டில் நோபிலி மதுரையில் சிறைப்பட்டார். முதுமையில் யாழ்ப்பாணத்திற்கும், பிறகு மயிலாப்பூருக்கும் சென்றார். பார்வை மங்கிய நிலையிலும் எளிய உணவு முறையைக் கைவிடாமல், 1656 ஜனவரி 16 அன்று இறைவனடி சேர்ந்தார்.

நம் பந்தி

அவர் விட்டுச்சென்ற இரண்டையும் நாம் பெற்றிருக்கிறோம்: மக்களின் உணவை உண்டு, அவர்கள் மொழியில் பேசும் திருச்சபை ஒன்று, சாதி நுழைய வழிவிட்ட திருச்சபை மற்றொன்று. முதலாவதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். தனிக் கல்லறைகளும் தனித் தெருக்களும் நம் கிராமங்களில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.

ஞாயிறுதோறும் ஒரே அப்பத்தில் பங்குபெறும் நாம், திருவிழா விருந்தில் யாருக்கு அருகில் அமர்கிறோம்? யார் சமைத்தால் உண்ண மறுக்கிறோம்? யாருக்காக நமக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம்?

இரசப் புட்டியைத் திறக்கும் நாளில், எந்தப் பண்டம் பொருந்தும் என்று தேடுவதற்கு முன், இதுவரை நாம் அழைக்காத ஒரு வீட்டாரை அழைத்துப் பார்ப்போம். நோபிலி தொடங்கியதை அவர் தவறிய இடத்திலிருந்து தொடர்வதே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றி. சிந்திப்போம், செயல்படுவோம்.